சந்தை நேரத்திற்குப் பின் கொடுத்த விற்பனை ஆர்டரைக் காலை 9 மணிக்கு அனுப்பாதது குறித்த புகார்

அனுப்புநர்: பங்கு வணிகக் கணக்கு வாடிக்கையாளர், திண்டுக்கல் மாவட்டம் (பெயரும் கணக்கு எண்ணும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்: முதலீட்டாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
நகல்: இணக்க அதிகாரி அவர்கள்

நாள்: 2025 செப்டம்பர் 1

பொருள்: 2025 ஆகஸ்ட் 11 இரவு கொடுத்த ஏஎம்ஓ (சந்தை நேரத்திற்குப் பின் கொடுத்து, மறுநாள் காலை அனுப்பப்படும் ஆர்டர்) விற்பனை ஆர்டர், ஆகஸ்ட் 12 காலை ப்ரீ-ஓப்பன் அமர்வுக்கு (சாதாரண வணிகத்திற்கு முன் நடக்கும் ஏல அமர்வு) அனுப்பப்படாததால் ஏற்பட்ட ரூ.18,400 இழப்பு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தில் டீமேட் மற்றும் பங்கு வணிகக் கணக்கு வைத்திருக்கும் நான், நூற்பாலை ஒன்றில் பொது ஷிஃப்டில் பணிபுரிகிறேன். காலை எட்டரை மணிக்கு உள்ளே செல்லும்போது கைப்பேசியைக் காவலர் அறையில் ஒப்படைத்துவிட்டால், மாலை ஐந்தரை மணிக்குத்தான் அதைத் திரும்பப் பெற முடியும். சந்தை நடக்கும் 9.15 முதல் 3.30 வரையிலான நேரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுவதால், என் ஆர்டர்கள் பெரும்பாலும் இரவில் கொடுக்கப்படும் ஏஎம்ஓக்களே. தங்களிடம் கணக்குத் தொடங்கியதற்கும் இந்த வசதியே முதன்மையான காரணம்.

நான் வைத்திருந்த 400 பங்குகளுக்குரிய நிறுவனம், ஜூன் காலாண்டு முடிவுகளை ஆகஸ்ட் 11 மாலை சந்தை முடிந்த பிறகு வெளியிட்டது. காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது விதி என்பதால் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் குவியும் என்பதையும், அவற்றில் பல 3.30 மணிக்குப் பிறகே வரும் என்பதையும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாபம் கடுமையாகக் குறைந்திருந்ததைப் படித்ததும் பங்குகள் அனைத்தையும் விற்றுவிட முடிவு செய்தேன். அன்றைய முடிவு விலை ரூ.648. மறுநாள் விலை சரிந்தே தொடங்கும் என்று எதிர்பார்த்து, ரூ.605 லிமிட் விலையில் (அதற்குக் கீழே விற்காத வரம்பில்) 400 பங்குகளுக்கும் ஏஎம்ஓ விற்பனை ஆர்டர் கொடுத்தேன். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் சிடிஎஸ்எல் அனுப்பிய ஓடிபியை உள்ளிட்டுப் பங்குகளை விற்பதற்கான அனுமதியையும் அப்போதே முடித்தேன். 'ஆர்டர் ஏற்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் தங்கள் செயலி காட்டியது.

தங்கள் உதவிப் பக்கத்தில், காலை 8.58 வரை பெறப்படும் ஏஎம்ஓக்கள் சரியாக 9.00 மணிக்குப் ப்ரீ-ஓப்பன் அமர்வுக்கு அனுப்பப்படும் என்று எழுதப்பட்டுள்ளது. என் ஆர்டர் அப்படி அனுப்பப்படவில்லை. ஆர்டர் புத்தகத்தில் அந்த ஆர்டரைத் தொட்டு விவரத்தைத் திறந்தால் இரண்டு நேரங்கள் தெரிகின்றன. தங்கள் நிறுவனம் ஆர்டரைப் பெற்ற நேரம் 21:52:14. பங்குச்சந்தை அதைப் பதிவு செய்த நேரம் மறுநாள் 09:21:37. ப்ரீ-ஓப்பன் அமர்வு முடிந்து, சாதாரண வணிகம் தொடங்கி ஆறு நிமிடங்களுக்கும் மேல் கடந்த பிறகே என் ஆர்டர் சந்தையைச் சென்றடைந்திருக்கிறது.

இந்தத் தாமதம் ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதை விளக்க வேண்டிய நிலைக்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பதில்கள் என்னைத் தள்ளியிருக்கின்றன. 2010 அக்டோபரில் நிஃப்டி, சென்செக்ஸ் குறியீட்டுப் பங்குகளில் தொடங்கி, பிறகு மற்றப் பங்குகளுக்கும் விரிவாக்கப்பட்ட ப்ரீ-ஓப்பன் அமர்வின் நோக்கமே, இரவோடு இரவாக வந்த செய்திகளின் தாக்கத்தை ஒரே ஏல விலையில் தீர்ப்பதுதான். 9.00 மணியிலிருந்து ஆர்டர்கள் பெறப்பட்டு, 9.07க்கும் 9.08க்கும் இடையே முன்கூட்டித் தெரியாத ஒரு கணத்தில் வாயில் மூடப்படும். அதன்பின், அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய சமநிலை விலை கணக்கிடப்பட்டு, பொருந்தும் ஆர்டர்கள் அனைத்தும் அந்த ஒரே விலையில் நிறைவேற்றப்படும். ஆகஸ்ட் 12 அன்று இந்தப் பங்குக்கு அமைந்த சமநிலை விலை ரூ.612.

நான் கேட்டிருந்ததோ ரூ.605. ஏலத்தில் விற்பவர்களின் லிமிட் ஆர்டர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே முன்னுரிமை; ஆகவே 612 கேட்டவர்களுக்கும் முன்பாக, 605 கேட்ட என் பங்குகள் விற்றிருக்க வேண்டும்; அதுவும் 605க்கு அல்ல, எல்லோருக்கும் பொதுவான 612க்கு. அன்றைய ப்ரீ-ஓப்பன் அமர்வில் இந்தப் பங்கில் ஏறத்தாழ 38,000 பங்குகள் கைமாறியிருப்பதால், என் 400 பங்குகள் சேர்ந்திருந்தால் சமநிலை விலையே மாறியிருக்கும் என்று வாதிடுவதற்கும் இடமில்லை. என் ஆர்டர் 9.21க்குச் சந்தைக்குச் சென்றபோது விலை ரூ.592 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அன்று முழுவதும் 598ஐத் தாண்டவில்லை. முடிவு விலை 571. நிறைவேறாத ஆர்டர் நாள் முடிவில் தானாக ரத்தானது. ஆலையிலிருந்து வெளியே வந்து கைப்பேசியை வாங்கிய பிறகுதான் இவை அனைத்தையும் அறிந்தேன். மறுநாள் அனுமதி கேட்டுத் தாமதமாக வேலைக்குச் சென்று, சந்தை நேரத்தில் நானே நேரடியாக ரூ.566க்கு 400 பங்குகளையும் விற்றேன். ஒரு பங்குக்கு ரூ.46 வீதம் இழப்பு ரூ.18,400. விற்பனைத் தொகையின் மீதான 0.1 சதவீதப் பரிவர்த்தனை வரி வித்தியாசத்தை இதில் கழித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்தத் தொகை எனக்குச் சிறியதல்ல. விற்ற பணம் அடுத்த வேலை நாளிலேயே கணக்கில் வந்துசேரும் என்ற டி+1 நடைமுறையை நம்பி, மகளின் கல்லூரி விடுதிக் கட்டணத்திற்கு அதை ஒதுக்கியிருந்தேன். பற்றாக்குறையான தொகையை நகைக்கடன் மூலம் ஈடுகட்ட நேர்ந்தது.

இதுபற்றித் தங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதியபோது கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. 'சந்தை ஏற்றத்தாழ்வினால் தங்கள் லிமிட் விலை கிடைக்கவில்லை' என்றது முதல் பதில். 612 என்ற விலை சந்தையில் கிடைத்திருக்கிறது. அந்த விலை உருவான நேரத்தில் என் ஆர்டர்தான் அங்கு இல்லை. அது இல்லாமல் போனதற்கும் சந்தை ஏற்றத்தாழ்வுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பங்குகளை விற்பதற்கான டிபின் (சிடிஎஸ்எல் ரகசிய எண்) அனுமதி முடிக்கப்படாததால் ஆர்டர் அனுப்பப்படவில்லை என்றது அடுத்த பதில். ஆகஸ்ட் 11 இரவு சிடிஎஸ்எல் அனுப்பிய ஓடிபி குறுஞ்செய்தியும், அனுமதி நிறைவுற்றதை உறுதி செய்யும் செய்தியும் இன்னும் என் கைப்பேசியில் உள்ளன. அவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அனுமதி இல்லை என்பதே காரணமாக இருந்தால் ஆர்டர் நிராகரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதே ஆர்டர், நான் எதையும் தொடாத நிலையில், 9.21க்குப் பங்குச்சந்தைக்குச் சென்று நாள் முழுவதும் நிலுவையில் நின்றிருக்கிறது. 9.00 மணிக்கு இல்லாத அனுமதி, கைப்பேசியே என்னிடம் இல்லாத 9.21க்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தங்கள் அலுவலர்களில் எவரும் விளக்கவில்லை.

இனிமேல் ஏஎம்ஓக்களை மார்க்கெட் ஆர்டராக (விலை வரம்பின்றி, கிடைக்கும் விலையில் விற்கும் ஆர்டர்) போடுமாறு தொலைபேசியில் பேசிய அலுவலர் அறிவுரை கூறினார். இந்த அறிவுரை என்னை மிகவும் வருத்தியது. 9.21க்குச் சென்ற மார்க்கெட் ஆர்டர் 592க்கு விற்றிருக்குமே தவிர, 612க்கு விற்றிருக்காது; தாமதம் தாமதமாகவே இருந்திருக்கும். மேலும், இரவில் கொடுக்கும் ஆர்டருக்கு விலை வரம்பு வைக்காமல் உறங்கச் செல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024 ஜூன் மாதம் எல்லோரும் பார்த்தோம். தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறிய சென்செக்ஸ், வாக்கு எண்ணிக்கை நடந்த ஜூன் 4 அன்று 4,389 புள்ளிகள் சரிந்தது. மறுநாள் எந்த விலையில் திறக்கும் என்று எவராலும் கூற முடியாத சந்தையில், சிறு முதலீட்டாளரின் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு லிமிட் விலைதான். அதைக் கைவிடச் சொல்வது முதலீட்டாளரின் நலன் கருதும் அறிவுரை ஆகாது.

இறுதியாக, நல்லெண்ண அடிப்படையில் ரூ.500 வரவு வைப்பதாகவும், அதை ஏற்றுக்கொண்டால் புகார் முடித்துவைக்கப்படும் என்றும் மின்னஞ்சல் வந்தது. அதை நான் ஏற்கவில்லை என்பதை இக்கடிதத்தின் மூலம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கிறேன்.

சந்தை நேரத்தில் நேரடியாகக் கொடுக்கும் ஆர்டர் நொடிப்பொழுதில் பங்குச்சந்தைக்குச் சென்றுவிடும். ஏதேனும் தவறு நேர்ந்தால் உடனே கண்டு திருத்திக்கொள்ளலாம். ஏஎம்ஓ அப்படியல்ல. இரவில் பங்குச்சந்தை அதைப் பெறுவதில்லை. காலைவரை அது தங்கள் சர்வரில், தங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. உரிய நேரத்தில் அதை அனுப்பிவைப்பது தவிர இந்தச் சேவையில் தாங்கள் செய்ய வேண்டியது வேறெதுவும் இல்லை. அந்த நேரத்தில் சந்தையைப் பார்க்க முடியாதவர்களே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், அனுப்புவதில் நேரும் தவறைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் வாடிக்கையாளர் மீது சுமத்த முடியாது. எங்கள் ஆலையிலேயே என்னைப் போன்று இரவில் ஆர்டர் கொடுத்துவிட்டு வேலைக்கு வருபவர்கள் பலர் உள்ளனர். அவர்களின் பணமும் இதே ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே, ஆகஸ்ட் 11 இரவு முதல் ஆகஸ்ட் 12 மாலை வரை என் ஆர்டர் தங்கள் அமைப்பில் கடந்துவந்த ஒவ்வொரு கட்டத்தையும் காட்டும் முழுப் பதிவை, பங்குச்சந்தை வழங்கிய ஆர்டர் எண்ணுடனும் நேரக் குறிப்புகளுடனும் வழங்குமாறு முதலில் கேட்டுக்கொள்கிறேன். வாடிக்கையாளர் கொடுத்த ஆர்டருக்கான சான்றைத் தரகர்கள் வைத்திருந்து, தகராறு எழும்போது காட்ட வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2018 மார்ச்சிலேயே வலியுறுத்தியிருப்பதால், பதிவு இல்லை என்ற பதிலை என்னால் ஏற்க இயலாது. செபியின் 2022 நவம்பர் சுற்றறிக்கை, தரகரின் மின்னணுச் சேவையில் தொடர்ந்து ஐந்து நிமிடங்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தடையையும் தாமதத்தையும் தொழில்நுட்பக் கோளாறாகக் கருதி, அதைப் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்கவும் கூறுகிறது. அன்று காலை 9.00 முதல் 9.21 வரை தங்கள் அமைப்பில் அப்படி ஏதேனும் நேர்ந்ததா, நேர்ந்திருந்தால் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பதற்கு நேரடியான பதில் வேண்டும்.

ரூ.18,400 இழப்பை என் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது என் முதன்மையான கோரிக்கை. அத்துடன், ஏஎம்ஓ தங்கள் சர்வரில் மட்டும் இருக்கும் நிலையையும் பங்குச்சந்தை அதை ஏற்றுக்கொண்ட நிலையையும் செயலி வெவ்வேறாகக் காட்ட வேண்டும். இப்போது இரண்டுக்கும் ஒரே பச்சை நிறமும் ஒரே வாசகமும்தான். 9.00 மணிக்குச் செல்ல வேண்டிய ஆர்டர் செல்லாவிட்டால் உடனே, வீட்டில் உள்ளவரின் எண்ணுக்கும் சேர்த்து, குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடும் தேவை. என்னால் அந்நேரத்தில் அதைப் பார்க்க முடியாவிட்டாலும், வீட்டில் உள்ளவர்கள் பார்த்து ஆலைக்குத் தகவல் சொல்ல வழி இருக்கும்.

இக்கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் மேற்கண்டவற்றுக்கு எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். தங்கள் சேவைப் பிரிவு அனுப்பியது போன்ற பொதுப்படையான பதிலே மீண்டும் வருமானால், இதே ஆவணங்களுடன் செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸிலும், தேவைப்பட்டால் அதன் பிறகு இணையவழித் தகராறு தீர்வுத் தளமான ஸ்மார்ட் ஓடிஆரிலும் புகார் பதிவு செய்வேன். அதற்கு அவசியம் நேராமல், தங்கள் அலுவலகமே பதிவுகளைப் பார்த்து இதைத் தீர்த்துவைக்கும் என்று நம்புகிறேன்.

ஆர்டர் விவரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, சிடிஎஸ்எல் குறுஞ்செய்திகள், தங்கள் உதவிப் பக்கத்தின் அச்சுப்படி, ஆகஸ்ட் 12ஆம் தேதிய ப்ரீ-ஓப்பன் விலை விவரம், ஆகஸ்ட் 13ஆம் தேதிய ஒப்பந்தக் குறிப்பு, தங்கள் சேவைப் பிரிவின் மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)