சாம்பல் குளக் கரையின் உள்நீர் மட்டத்தை அளந்து பொதுமக்களுக்கு வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சுரங்கக் கட்டுமானப் பொறியாளர் மற்றும் எண்ணூர் வட்டாரக் குடியிருப்போர்,
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: சாம்பல் குளக் கரையை உயர்த்த அனுமதிக்கும் முன், கரைக்குள் நிற்கும் நீர்மட்டத்தை அளக்கவும், அந்த அளவுகளை மக்கள் பார்வைக்கு வைக்கவும் உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தை அடுத்துள்ள அனல்மின் நிலையம் ஒன்றில், நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை நீரோடு குழம்பாக்கித் தேக்கிவைக்கும் சாம்பல் குளத்தின் கரையை மேலும் உயர்த்துவதற்கான ஏற்பாடுகள் நடந்துவருகின்றன. அக்கரையின் வெளிச்சரிவு தரையைத் தொடும் இடத்தில் உள்ளிருந்து நீர் கசிவதைக் காட்டக்கூடிய, சித்திரை வெயிலிலும் காயாத ஈரத் திட்டுகள் இருப்பதை, அங்கே ஆடு மேய்ப்பவர்களும் கழியில் இறால் பிடிப்பவர்களும் நிலையத்தாரிடம் பலமுறை எடுத்துச் சொல்லியும் "பார்த்துக்கொள்கிறோம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றே. கரைக்குள் ஊறிய நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை முறையான கருவிகளால் அளந்து ஊரறிய வெளியிட வேண்டும். அதுவரை கரையை ஒரு மீட்டர் கூட உயர்த்த இசைவு தரக் கூடாது.

இம்மனுவை எழுதும் நான், வெளிநாட்டுத் தங்கச் சுரங்கங்களில் 'ஹீப் லீச் பேட்' எனப்படும் குவியல் கரைப்புத் தளங்களை அமைக்கும் பணியில் இருந்தவன். சாம்பல் குளமும் குவியல் கரைப்புத் தளமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் துகள்களையும் நீரையும் சேர்த்து மலைபோல் அடுக்கி வைக்கும் அமைப்புகள் என்பதால், ஒன்றைக் காப்பாற்றும் பொறியியல் மற்றதற்கும் பொருந்தும். அத்தளங்களில் கட்டாயமாகக் கடைப்பிடிக்கப்படும் நடைமுறை இங்கே ஏன் இல்லை என்பதே எங்கள் கேள்வியாதலால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

தங்கம் மிகக் குறைவாக உள்ள கனிமப் பாறையை உடைத்து, 5 முதல் 10 மீட்டர் உயர அடுக்குகளாகக் குவித்து, மேலிருந்து நீர்த்த சயனைடு கரைசலைச் சொட்டுநீர்க் குழாய்களால் விடுவார்கள். கரைசல் குவியலுக்குள் இறங்கித் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் சேரும். அடியில் இறுக்கிய களிமண், அதன்மேல் 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலித்தீன் விரிப்பு, அதற்கும் மேல் துளையிட்ட வடிகுழாய்களைப் பொதிந்த சரளைக்கல் அடுக்கு என்று தளம் அமைந்திருக்கும். சொட்டும் அளவு பொதுவாகச் சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 10 லிட்டர். நாள் கணக்கில் அது 240 மில்லிமீட்டர். வானிலை ஆய்வு மையம் 'அதி கனமழை' என்று அறிவிக்கும் 204.4 மில்லிமீட்டர் வரம்பையும் தாண்டிய மழை, ஆண்டு முழுவதும் அந்தக் குவியலின் மேல் பெய்துகொண்டே இருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தும் குவியல் நிற்கிறதென்றால், இறங்கும் நீர் தேங்காமல் உடனுக்குடன் வெளியேறுவதுதான் காரணம். விரிப்பின்மேல் நிற்கும் நீரின் உயரம் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதைப் போன்ற வரம்பை வைத்தே வடிகுழாய்களின் இடைவெளியைக் கணக்கிடுவோம். மின்சாரம் நின்று பம்புகள் ஓடாவிட்டாலும், நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழை அதே நாளில் கொட்டினாலும் வெளியேறும் நீரைத் தாங்க, தனிக் குளம் ஒன்றைக் காலியாகவே வைத்திருப்போம்.

நீர் ஏன் இத்தனை முக்கியம் என்பதைக் கணக்காகவே காட்டிவிடுகிறேன். துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதால்தான் சரிவு நிற்கிறது. இடையிலுள்ள நீரின் அழுத்தம் உயர உயர அந்தப் பிடி தளர்கிறது. கிடையாக 3 மீட்டருக்குச் செங்குத்தாக 1 மீட்டர் என்ற சரிவில், உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடிக்கும் திறனின் அளவு) 30 பாகையுள்ள பொருள் உலர்ந்திருந்தால் அதன் பாதுகாப்புக் காரணி ஏறத்தாழ 1.7 ஆகும், அதாவது சறுக்கவைக்கும் விசையைப் போல் 1.7 மடங்கு தாங்கும் விசை இருக்கிறது. அதே சரிவு மேற்பரப்பு வரை நீரில் ஊறி, நீர் சரிவுக்கு இணையாகக் கசியத் தொடங்கினால், சாதாரண மண்ணில் அது 0.9-க்கு அருகிலும், மண்ணைவிட எடை குறைந்த நிலக்கரிச் சாம்பலில் 0.6-க்கு அருகிலும் இறங்கிவிடும். ஒன்றுக்குக் கீழே போனால் சரிவு நிற்காது. உயரம், சரிவு, பொருள் எதுவும் மாறாத நிலையில் நீர்மட்டம் மட்டும் மாறியதால் வந்த வேறுபாடு இது. சாம்பல் இலேசானது, அதனால் ஆபத்தும் குறைவு என்று கூட்டங்களில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன், உண்மை நேர்மாறானது.

இதனால்தான் குவியல் கரைப்புத் தளங்களில் பீசோமீட்டர் எனப்படும் நீரழுத்தமானிகளை அடித்தளத்திலும் குவியலின் உள்ளேயும் பதிக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் எச்சரிக்கை மட்டம், நிறுத்த மட்டம் என்று இரண்டு அளவுகள் முன்கூட்டியே எழுதிவைக்கப்படும். நிறுத்த மட்டத்தை எட்டினால் யாரிடமும் கேட்காமல் கரைசல் விடுவதை நிறுத்தும் அதிகாரம் பணியிலிருக்கும் மேற்பார்வையாளருக்கு உண்டு. உற்பத்தி இழப்பு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

இத்தனை ஏற்பாடுகள் அறியப்பட்ட துறையிலேயே விபத்துகள் நடக்கின்றன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2024 பிப்ரவரி 13 அன்று துருக்கியின் எர்சின்ஜான் மாகாணத்திலுள்ள சோப்ளர் தங்கச் சுரங்கத்தில் கரைப்புக் குவியல் சரிந்து 9 தொழிலாளர்கள் புதைந்து இறந்தனர். உடல்கள் அனைத்தையும் மீட்க மாதக்கணக்கானது. அதே ஆண்டு ஜூன் 24 அன்று கனடாவின் யூகான் பகுதியிலுள்ள ஈகிள் சுரங்கத்தில் குவியல் சரிந்து சயனைடு கரைசல் வெளியேறியது. இரண்டே மாதத்தில் அந்த நிறுவனம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயிற்று.

சாம்பல் குளங்களின் வரலாறு இதைவிட நெருக்கமானது. 2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் அனல்மின் நிலையக் கரை உடைந்து, 40 இலட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட சாம்பல் ஆற்றிலும் வீடுகளிலும் புகுந்தது. நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி மாவட்டத்தில், 2020 ஏப்ரல் 10 அன்று சாம்பல் குளக் கரை உடைந்து 6 பேர் உயிரிழந்தனர். அது மழைக்காலம் அல்ல என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். பருவமழைக்கு முன் ஒரு பார்வையிடல், மழை ஓய்ந்ததும் ஓர் அறிக்கை என்ற வழக்கம் போதாது என்பதற்கு அதுவே சான்று.

எங்கள் கரையைப் பற்றிய கூடுதல் அச்சத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உயர்த்தும் முறை. பழைய கரைக்கு உட்புறமாக, ஏற்கெனவே படிந்துள்ள சாம்பலின் மேலேயே புதிய கரையை எழுப்பும் முறை செலவு குறைந்தது. ஆனால் கரை நிற்கும் அடித்தளமே நீரில் படிந்த தளர்ந்த சாம்பலாக இருப்பதால், அது திடீரென்று குழம்பாகி ஓடும் வாய்ப்பும் அதில்தான் அதிகம். பிரேசிலின் புருமாஜின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று 270 பேரைப் பலிகொண்ட இரும்புத்தாதுக் கழிவு அணை இம்முறையில் உயர்த்தப்பட்டதே. அதை ஆராய்ந்த வல்லுநர் குழு, உள் வடிகால் போதாமையால் நீர்மட்டம் தொடர்ந்து உயர்ந்தே இருந்ததை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கூறியது. உடைவதற்கு முன் வெளிப்படையான அறிகுறி ஏதும் தென்படவில்லை என்றும் அதே குழு கூறியது. ஆகவே பீசோமீட்டர் பதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் வாதிடவில்லை. சாம்பல் நீரில் ஊறி, நீர் வடிய வழியின்றித் திடீர்ச் சுமை ஏறும் நிலைக்கான வலிமையை வைத்தும் சரிவைக் கணக்கிட வேண்டும். உலர் நிலைக் கணக்கு மட்டும் காட்டப்பட்டால் அதை ஏற்கக் கூடாது.

இரண்டாவது, கழிமுகம். வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலை பெருகிவரும் நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தாலோ, முகத்துவாரம் மணலடித்து மேடிட்டிருந்தாலோ வெள்ளம் வடியாமல் கரையின் அடியிலேயே நிற்கும் என்பது இங்குள்ள மீனவர் எவருக்கும் தெரிந்த செய்தி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதைப் பார்த்தோம்; பின்னதில் ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய்ப் படலமும் சேர்ந்துகொண்டது. வெள்ளம் நிற்கும்போது கரையின் வடிகால் வாய்கள் மூழ்கிவிடுவதால், உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமல் மட்டம் உயர்கிறது. பின்பு முகத்துவாரம் திறந்து வெள்ளம் சட்டென்று இறங்கும்போது, வெளியிலிருந்து கரையைத் தாங்கிய நீர் போய்விடுகிறது. உள்ளே ஊறிய நீர் மட்டும் தங்கிவிடுகிறது. ஊரார் "வெள்ளம் வடிந்துவிட்டது" என்று வீடு திரும்பும் அந்த ஓரிரு நாள்தான் கரைக்கு மிக மோசமான நேரம். இந்த நிலைக்கான கணக்கு வடிவமைப்பு ஆவணங்களில் உள்ளதா என்று கேட்டறியுமாறு வேண்டுகிறோம்.

சட்ட வழியில் தங்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பேரிடர் நேரக்கூடிய இடங்களைக் கண்டறிந்து தடுப்பு நடவடிக்கை எடுக்கச் செய்யும் பொறுப்பை மாவட்ட ஆணையத்துக்கே தருகிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 நாளிட்ட சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கை, சாம்பல் குளங்களின் பாதுகாப்பு பற்றி ஆண்டுதோறும் சான்றளிக்கும் நடைமுறையை வகுக்கச் சொல்கிறது. அந்தச் சான்று இக்குளத்துக்கு வழங்கப்பட்டிருந்தால் அதன் நகலையும், கணக்கீட்டுத் தாள்களோடு, எங்களுக்குத் தர உத்தரவிடுங்கள். கிங்ஸ்டன் உடைப்புக்குப் பின் அமெரிக்காவில் 2015-இல் வந்த விதிகளின்படி, சாம்பல் குளங்களை 7 நாளுக்கு ஒருமுறை பார்வையிடவும், கருவிகளை 30 நாளுக்கு ஒருமுறையேனும் படிக்கவும், நீண்டகால நிலையில் பாதுகாப்புக் காரணி 1.5-க்குக் குறையாதிருப்பதைக் காட்டவும், பாதுகாப்பு ஆவணங்களைப் பொதுவில் வெளியிடவும் வேண்டும். அங்கே முடிந்தது எண்ணூரில் முடியாது என்பதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை.

ஆகவே, கரை நெடுகிலும், குறிப்பாக ஈரத் திட்டுகள் உள்ள பகுதியில், பீசோமீட்டர்கள் பதிக்கவும், அண்ணா பல்கலைக்கழகம் அல்லது சென்னை ஐஐடியின் மண் பொறியியல் வல்லுநர்களைக் கொண்டு எச்சரிக்கை மட்டத்தையும் நிறுத்த மட்டத்தையும் வகுக்கவும், நிறுத்த மட்டம் எட்டப்பட்டால் சாம்பல் குழம்பு விடுவதை உடனே நிறுத்தவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வாராந்திர அளவுகளைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையிலும் மாவட்ட இணையதளத்திலும் வெளியிட வேண்டும். இப்பணி ஐப்பசி மழைக்கு முன் முடியும் அளவினதே. துளையிட்டுக் கருவி பதிப்பதற்கு ஆகும் செலவு, கரையை உயர்த்தும் ஒப்பந்தத் தொகையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. ஈரத் திட்டுகளின் ஒளிப்படங்களையும், அவை உள்ள இடங்களைக் குறித்த வரைபடத்தையும் இத்துடன் இணைத்துள்ளோம். தங்கள் அலுவலர்கள் பார்வையிட வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், இடங்களைக் காட்டக் கழியோர ஊர்களிலிருந்து ஆட்கள் உடன் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)
எண்ணூர் வட்டாரக் குடியிருப்போர்

இடம்: திருவொற்றியூர்
இணைப்பு: ஒளிப்படங்கள், இட வரைபடம்
நகல்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை.