மிளகைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும், கால்நடைக் கிளினிக்கில் உள்ளவர்களுக்கும், மருந்துக்கடை அண்ணனுக்கும், தமிழ் வகுப்புப் பெற்றோருக்கும் வணக்கம்.

எங்கள் பூனை மிளகு பிழைத்துவிட்டான். உங்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லியிருக்கிறோம். ஆனால் நீங்கள் ஒவ்வொருவரும் செய்தது மற்றவர்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்று மனதில் இருந்துகொண்டே இருந்தது. டர்பனில் பூனை வளர்க்கும் வேறு குடும்பங்களுக்கும் இது உதவும்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அவ்வாவுக்கு. தைப்பூசக் காவடி நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஜனவரி மாதப் புழுக்கத்தில் பூனை நாள் முழுக்கச் சுருண்டு கிடந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. மிளகுக்குக் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, இருமல் இல்லை. சாப்பாடு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது, ரோமம் மினுமினுப்பு இழந்திருந்தது. கறிவேப்பிலை பறிக்க வந்த அவ்வா அவனைத் தூக்கி மடியில் வைத்து, மேல் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார். "தூங்கலை கண்ணு, இதுக்கு ரத்தமே இல்லை. ஈறைப் பாரு" என்றார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறிச் சுண்ணாம்பாக இருந்தது. அன்றைக்கே கூட்டிப் போகச் சொல்லி, பேரனை எழுப்பி வண்டியையும் எடுக்க வைத்தார். அவ்வா, உங்கள் விரல்தான் அவன் உயிரைக் காப்பாற்றிய முதல் கை.

இந்த ஊரில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் 'பிலியரி' தெரியும். உண்ணி கடித்து, பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தத்தில் புகுந்து, சிவப்பணுக்களை உடைக்கும் நோய். பூனைக்கும் அது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பூனைக்கு வருவது 'பபீசியா ஃபெலிஸ்' என்ற வேறு இனம். உலகத்தில் வீட்டுப் பூனைகளுக்கு இந்த நோய் வந்ததாகப் பதிவாகியிருப்பது பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில்தான். அதிலும் குவாசுலு-நட்டால், மேற்கு கேப் போன்ற கடலோரப் பகுதிகளில் அதிகம். மூன்று வயதுக்குட்பட்ட பூனைகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. நாய்க்கு வந்தால் காய்ச்சல் அடித்து, துவண்டு விழுந்து, வீட்டையே கலக்கிவிடும். பூனைக்கோ பெரும்பாலும் காய்ச்சலே வராது. ரத்தம் மெல்ல மெல்லக் குறையும், பூனையும் தன் ஓட்டத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் ரத்தம் போன பிறகும் அமைதியாக உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். என்னை இன்றும் நடுங்க வைப்பது அந்த அமைதிதான்.

கிளினிக் மூடும் நேரத்தில் போய் நின்றோம். டாக்டரம்மா கைப்பையை மறுபடி மேசையில் வைத்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களுக்குள் குட்டிக்குட்டிப் புள்ளிகள், வளையங்கள். பூனையின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு சாதாரணமாக 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். மிளகுக்கு 12தான் இருந்தது. பூனை எய்ட்ஸ், பூனை லுகீமியா வைரஸ் இரண்டுக்கும் அப்போதே சோதனை செய்தார். அவை சேர்ந்திருந்தால் தேறுவது கடினம் என்று மறைக்காமல் சொன்னார். இரண்டும் இல்லை. அந்த இரவு முழுக்க அவனருகே இருந்த நர்ஸ் சிஸிக்கும் இங்கேயே நன்றி. சுலு மொழியில் அவர் அவனோடு பேசிக்கொண்டே ஆக்ஸிஜன் கொடுத்ததை மறக்க மாட்டோம்.

மறுநாள் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். இதில் நான் தெரிந்துகொண்டதை விரிவாகவே சொல்கிறேன். பூனைக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகைகள் உண்டு. நாய்க்கு முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் வகை பார்க்காமலே கொடுத்துவிட முடிகிறது. பூனையிடம் அது நடக்காது. மாற்று வகைக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் அதன் உடம்பில் இயல்பாகவே வளர்ந்துவிடுகிறது. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் கொஞ்சம் போனாலே உயிர் போகலாம். கொடுக்கும் பூனை இளமையாக, ஆரோக்கியமாக, நாலரைக் கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வைரஸ் சோதனைகளிலும் தேற வேண்டும். தமிழ் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸாப் குழுவில் இதைப் போட்டேன். ஷால்கிராஸிலிருந்து ஒரு அக்கா, முகம்கூடப் பார்த்திராதவர், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தன் பெரிய மஞ்சள் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வகை பொருந்தியது. சுமார் 50 மில்லி எடுத்தார்கள். அன்று மாலையே மிளகு தலையைத் தூக்கினான். அக்கா, உங்கள் வீட்டுப் பூனைக்கு எங்கள் வீட்டில் ஆயுளுக்கும் மீன் உண்டு.

ரத்தம் ஏற்றுவது அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். நோயை அடிக்க மருந்து வேண்டும். நாயின் பிலியரிக்குப் போடும் ஊசிகள் பூனையின் பபீசியாவைக் குணப்படுத்துவதில்லை. பலன் தருவது பிரைமாகுயின். தமிழ்நாட்டில் மலேரியா கண்டவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். சென்னையில் என் அப்பாவுக்கும் அதே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பூனைக்கும் அது உதவும் என்று 1981இல் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர் பாட்கீட்டர் பல மருந்துகளைச் சோதித்து எழுதினார். இன்றுவரை முதல் தேர்வு அதுதான். ஆனால் அளவு மிகக் கறாரானது. ஒரு கிலோ எடைக்கு அரை மில்லிகிராம். ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. நாலு கிலோ மிளகுக்கு 2 மில்லிகிராம் போதும். மனிதர்களுக்கான மாத்திரையில் 15 இருக்கிறது. அதைக் கத்தியால் நறுக்கிக் கொடுக்கும் வேலை இல்லை இது.

அதனால்தான் மருந்துக்கடை அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காத மருந்தைத் தேடிப் பிடித்து, பொடித்து, நிறுத்து, நகத்தளவு கேப்ஸ்யூல்களில் அடைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கேப்ஸ்யூலும் அதே எடைதானா என்று இரண்டாவது முறையும் சரிபார்த்தார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், கொஞ்சம் சாப்பிட்ட பிறகு கொடுங்கள் என்று எழுதியும் கொடுத்தார்.

அவரே இன்னொரு பெரிய உதவியும் செய்தார். ஒரு கடையில் உண்ணிக்கு என்று கேட்டபோது நாய்க்கான சொட்டு மருந்தை நீட்டியிருந்தார்கள். அதைப் போடுவதற்கு முன் அவருக்குப் போனில் படம் அனுப்பினோம். "வேண்டவே வேண்டாம், அதில் பெர்மெத்ரின் இருக்கிறது" என்றார். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்தப் பொருள் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரவழைக்கும். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பனாடோவும் அப்படித்தான். நமக்கு எல்லா வலிக்கும் கைமருந்தாக இருக்கும் பாராசிட்டமால், ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடும். இதைப் படிக்கும் யாரும் பூனைக்கு அதைக் கொடுத்துவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், கிளினிக் பில்லில் பங்கு போட்டவர்கள். பெயர் சொல்லக் கூடாது என்று உறையில் வைத்து எங்கள் கேட்டில் செருகிவிட்டுப் போனவர்கள். காவடி விரதத்தில் இருந்தபடியே எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கோடி வீட்டு ஆண்ட்டி. புல்வெளியை ஒட்ட வெட்டி, வேலியோரப் புதரையெல்லாம் அள்ளிப்போட்டு, கூலி வாங்க மறுத்த பாபா. வேலைக்காக இந்த ஊருக்கு வந்த எங்களுக்கு இங்கே சொந்தபந்தம் என்று யாரும் கிடையாது. ஒரு பூனைக்காக ஒரு தெருவே எழுந்து நிற்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "பூனைதானே" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி.

மிளகு இப்போது வேலி ஏறுகிறான், சாப்பாட்டுக்குச் சண்டை போடுகிறான். கடைசிப் பரிசோதனையில் சிவப்பணுக்களின் பங்கு 31 சதவீதம். ஆனால் இந்த ஒட்டுண்ணி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாதாம். ரத்தத்தில் ஒளிந்திருந்து மறுபடி தலைதூக்கலாம், அப்போது மருந்தும் மறுபடி தேவைப்படலாம். அதனால் அவன் ஈறை அடிக்கடி பார்க்கிறோம். பூனைக்கென்றே தயாரித்த உண்ணி மருந்தைத் தவறாமல் போடுகிறோம்.

அந்தக் காரணத்தால் மிளகு இனி யாருக்கும் ரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் வீட்டை விட்டு வெளியே போகாத எங்கள் இன்னொரு பூனை சுக்கு கொடுக்கலாம். அவளுக்கு எல்லாச் சோதனைகளும் செய்துவிட்டோம். ஏ வகை, ஐந்து கிலோ, வைரஸ் எதுவும் இல்லை. எங்கள் எண்ணைக் கிளினிக்கில் கொடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பூனைக்குத் தேவைப்பட்டால் டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

அன்புடன்,
மிளகு, சுக்கு வீட்டார்