கிரேக்கச் சிலைகள் வெள்ளை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த கிரேக்கக் கலை பற்றிய கட்டுரை, அவர்கள் தெய்வங்களைத் தூய வெண்பளிங்கில் வடித்தார்கள், நாமோ கோபுரங்களை மிட்டாய்க் கடையாக்கி வைத்திருக்கிறோம் என்று முடிந்திருந்தது. நான் கோயில்களுக்கு வர்ணம் தீட்டிப் பிழைக்கிறவன். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தச் சிலைகள் செய்த நாளில் வெள்ளையாக நிற்கவே இல்லை. உதட்டுக்குச் சிவப்பு, உடுப்பின் கரைக்கு நீலமும் பச்சையும் என்று வர்ணம் தீட்டித்தான் வைத்தார்கள். மழையிலும் வெயிலிலும் நின்று, மண்ணுக்குள்ளும் கிடந்து நிறம் போய்விட்டது. ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் 1886இல் தோண்டியெடுத்த பெண் சிலைகளில் இன்றைக்கும் திட்டுத்திட்டாக நிறம் ஒட்டியிருக்கிறது. 1764இல் விங்கெல்மன் என்ற ஜெர்மன் அறிஞர் தன் கலை வரலாற்றில் வெண்மையைப் புகழ்ந்து எழுதினார். ஐரோப்பா அதையே பிடித்துக்கொண்டது. பிரித்தானிய நூதனசாலையில் 1937, 38இல் ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் சிற்பங்களை வெள்ளையாக்குகிறோம் என்று செப்புக் கருவிகளால் சுரண்டியே விட்டார்கள். திருகோணமலையில் கடலைப் பார்த்து நிற்கிற சிலைகளின் நிறம் உப்புக் காற்றில் எவ்வளவு கெதியாக வெளிறும் என்று எங்களுக்குத் தெரியும். அதற்காக அவை நிறமில்லாமல் பிறந்தவை என்று யாராவது சொல்வார்களா?

நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் ஒரு மண்ஜாடி இருக்கிறது. தென் இத்தாலியில் குடியேறிய கிரேக்கர் கி.மு. 350ஐ ஒட்டிச் செய்தது. அதன் மேல் ஒரு வர்ணக்காரர், கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸின் சிலை போர்த்தியிருக்கும் சிங்கத் தோலுக்கு நிறம் பூசிக்கொண்டிருக்கிறார். வர்ணத்தை மெழுகில் குழைத்துச் சூட்டோடு பூசும் முறை அது. பக்கத்தில் உதவியாள் அடுப்பில் கம்பிகளைக் காய்ச்சுகிறான். மேலே தெய்வங்களின் தலைவர் சேயுஸ் உட்கார்ந்து பார்க்கிறார். இதிலே வேடிக்கை, ஹெராக்ளிஸே பக்கத்தில் வந்து நின்று தன் சிலைக்கு நிறம் ஏறுவதைப் பார்க்கிறார்! சாரத்தில் ஏறி அம்மன் முகத்துக்கு வர்ணம் வைக்கிற எந்த ஆளுக்கும் அந்தப் படம் உடனே விளங்கும்.

பிராக்ஸிட்டிலிஸ் என்ற பெரிய சிற்பியிடம், உங்கள் பளிங்குச் சிலைகளில் உங்களுக்குப் பிடித்தவை எவை என்று கேட்டார்களாம். நிகியாஸ் கைவைத்தவை என்றாராம். நிகியாஸ் ஓவியர். உரோமரான பிளினி இதை எழுதிவைத்திருக்கிறார். வர்ணம் வைக்கிறவனுக்கு இப்படி ஒரு மரியாதை! இங்கே கும்பாபிஷேக மலரில் எங்கள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரி, எங்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. நிழல் கொடுக்காமல், கலக்காமல், ரின்னில் வந்த பெயின்றை அப்படியே அடிக்கிற வேலை கண்ணைக் குத்தத்தான் செய்யும். அதைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் இப்போது ஒரு கோயில் நிர்வாகத்தார் அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு, விமானம் முழுவதும் ஒரே சந்தன நிறம் போதும் என்கிறார்கள். ஒரே நிறம் பிடித்திருந்தால் தாராளமாக அடிக்கட்டும், கூலியும் மிச்சம். கிரேக்கரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

முடிந்தால் அந்த ஜாடியின் படத்தை நிறத்திலேயே போடுங்கள். வெள்ளைச் சிலைக்கு அரைப் பக்கம் கொடுத்தீர்கள்தானே.

இங்ஙனம்,
கோயில் வர்ணத் தொழிலாளி ஒருவர்,
திருகோணமலை