வீடு மருத்துவமனை ஆகும்போது: மூன்று அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்கள்; மாவட்டத் தீயணைப்பு அலுவலர்கள்; மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

குடியிருப்பு என்று வரைபட அனுமதி வாங்கிக் கட்டிய மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் ஊருக்கு ஊர் சிறு மருத்துவமனைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. கார் நின்ற இடத்தில் வரவேற்பறையும் மருந்துக்கடையும். வீடுகள் இருந்த தளங்களில் படுக்கைகள், அறுவை அரங்கு, ஐ.சி.யூ. சுவரும் படிக்கட்டும் மாறவில்லை, உள்ளே இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். உங்கள் மூன்று அலுவலகங்களும் ஒரே நாளில் சேர்ந்து வந்து நேரில் பார்க்காமல் இத்தகைய கட்டடத்துக்கு மருத்துவமனைப் பதிவோ புதுப்பிப்போ தரக்கூடாது. இதைக் கேட்கத்தான் எழுதுகிறோம்.

2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்க வேண்டியிருந்தது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தீ தொடங்கியது அடித்தளத்தில். வாகனம் நிறுத்த அனுமதித்த அந்த இடத்தில் எரியும் பொருட்களைக் குவித்திருந்தார்கள். இறந்த சுமார் 90 பேரில் பெரும்பாலோர் நெருப்பையே பார்க்காத மேல்தள நோயாளிகள். புகை அவர்களிடம் ஏறிப் போனது.

ஆய்வு என்றால் முதல் கேள்வியாக வருவது கட்டடத்தின் உயரம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 18.30 மீட்டர் வரை உயரமில்லாக் கட்டடம் என்கின்றன. தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016, நான்காம் பகுதி) 15 மீட்டரிலேயே உயர்கட்டடம் என்கிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் 10 மீட்டர் உயர மருத்துவமனை உயர்கட்டடத்துக்கான கடும் நிபந்தனைகளுக்கு வெளியே நின்றுவிடுகிறது. எழுந்து நடக்க முடியாதவருக்கு இரண்டாம் மாடியும் பத்தாம் மாடியும் ஒன்றுதான்.

அடுத்து ஆள் கணக்கு. 200 சதுர மீட்டர் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விதித்தொகுப்பு, வீட்டில் ஆளுக்கு 12.5 சதுர மீட்டர் என்று கணக்கிடச் சொல்கிறது. 16 பேர் வருகிறது. அதே தளத்தில் பயிற்சி மையம் நடந்தால் ஆளுக்கு 4 சதுர மீட்டர், அதாவது 50 பேர். உள்நோயாளிப் பகுதி என்றால் ஆளுக்கு 15 சதுர மீட்டர், 14 பேர்கூட வராது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு மருத்துவமனை வீட்டைவிடப் பாதுகாப்பானது என்றே தோன்றும். வெளியேறும் வழிவரை நடக்க வேண்டிய தூரமும் இரண்டுக்கும் ஒரே 30 மீட்டர்தான். படிக்கட்டு அகலத்தில்தான் வேறுபாடு தெரிகிறது. அடுக்குமாடி வீடுகளுக்கு 1.25 மீட்டர், மருத்துவமனைக்கு 2 மீட்டர். கூட்டம் இறங்க ஆளுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் படி அகலம் போதும் என்பது விதியின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 14 பேருக்கு வீட்டுப் படிக்கட்டே தாராளம். 2 மீட்டர் கேட்பது ஸ்ட்ரெச்சருக்காக. நாலு பேர் தூக்கிய ஸ்ட்ரெச்சர் வீட்டுப் படியின் திருப்பத்தில் திரும்பாது. ஆய்வு நாளில் ஆளில்லா ஸ்ட்ரெச்சர் ஒன்றைத் தூக்கி இறக்கிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

வென்டிலேட்டரில் இருப்பவரை நகர்த்த கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ‘ஆம்பு’ பையை அழுத்த ஒருவர், கட்டிலைத் தள்ள இருவர், கையடக்க ஆக்சிஜன் சிலிண்டரையும் மருந்து பம்புகளையும் பிடிக்க ஒருவர் தேவை. இரவில் தளத்துக்கு இரண்டு செவிலியர் இருந்தால், ஐந்து நோயாளிகளைப் படி வழியாக இறக்குவது நடக்காத காரியம். அதனால்தான் மருத்துவமனைப் பாதுகாப்பு கீழே இறக்குவதை நம்பி நிற்பதில்லை. ஒவ்வொரு தளத்தையும் புகை கடக்காத சுவரால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தீ என்றால் கட்டிலோடு மறுபக்கம் தள்ளுவதே வழி. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 101ஆம் விதித்தொகுப்பு, படுத்த நோயாளி ஒருவருக்கு மறுபக்கத்தில் 2.8 சதுர மீட்டர் காலி இடம் கேட்கிறது. 10 படுக்கைக்கு 28 சதுர மீட்டர். அந்த இடத்தில் பழைய கட்டிலும் மருந்து அட்டைப்பெட்டியும் அடுக்கியிருந்தால் சுவர் இருந்தும் பயனில்லை.

இந்தச் சுவர்தான் பெரும்பாலும் தவறாகக் கட்டப்படுகிறது. ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே தளக் கான்கிரீட்வரை போகாததால் சீலிங்குக்கு மேலே உள்ள வெற்றிடம் வழியாகப் புகை அடுத்த பகுதிக்குள் இறங்குகிறது. ஏ.சி. செப்புக்குழாய், ஆக்சிஜன் குழாய், கேபிள் போகும் ஓட்டைகளில் சாதாரண பி.யூ. ஃபோம் (பாலியூரிதேன் நுரை) அடிப்பது அடுத்த பிழை, அது தானே எரியும். அங்கே தீத்தடுப்புச் சீலன்ட்தான் (ஓட்டையை அடைக்கும் பசை) வேண்டும். கதவில் அதைத் தானாக மூடும் டோர் க்ளோசரும் விளிம்பில் புகைத்தடுப்புப் பட்டையும் இருக்க வேண்டும். அடிக்கடி ஆள் போகும் கதவு என்றால், புகை உணரி ஒலித்தவுடன் விடுவிக்கும் காந்தப் பிடிப்பான் பொருத்தலாம். அதற்கு மாறாக மர ஆப்பு வைத்துத் திறந்தே போடுகிறார்கள். சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி, டார்ச் அடித்து மேலே பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

வீட்டுப் படிக்கட்டு கார் நிறுத்துமிடத்திலிருந்து மொட்டைமாடிவரை திறந்தே போகிறது. நடுவில் லிஃப்ட், கீழே மின்மீட்டர் பலகை, இன்வெர்ட்டர் பேட்டரி, சில இடங்களில் ஜெனரேட்டர். அங்கே தீப்பிடித்தால் இருக்கிற ஒரே வெளியேறும் வழியே புகைபோக்கி ஆகிவிடும். இவற்றையெல்லாம் படிக்கு அருகிலிருந்து அகற்ற வேண்டும். தளம்தோறும் படிக்கட்டை தானாக மூடும் தீத்தடுப்புக் கதவால் அடைக்க வேண்டும். படியின் உச்சியில் புகை வெளியேற நிரந்தரத் திறப்பு வேண்டும். மொட்டைமாடிக் கதவில் பூட்டு கூடாது. எதிர்முனையில் இரண்டாவது படி கட்ட இடமில்லை என்றால் மேல்தளங்களில் உள்நோயாளிகளே வேண்டாம். புறநோயாளிப் பிரிவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். வீட்டில் இரவு மட்டும் ஓடிய ஏ.சி., ஐ.சி.யூ.வில் 24 மணி நேரமும் ஓடுகிறது. 2.5 சதுர மி.மீ. கம்பியில் வேறு கருவிகளும் சேர, 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழும். உடனே யாராவது 32 ஆம்பியர் மாற்றிவிடுவார்கள். அதன்பின் எம்.சி.பி. விழாது, சுவருக்குள் கம்பிதான் சூடேறும். ஒவ்வொரு எம்.சி.பி.யின் அளவையும் அதன் கம்பியோடு ஒப்பிடாத மின்சான்று செல்லாது என்று நீங்கள் அறிவிக்க வேண்டும். ஐ.சி.யூ.வில் இன்னொரு கூடுதல் ஆபத்து உண்டு. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவராது. மூடிய அறையில் கசியும் ஆக்சிஜன் சேர்ந்து 23.5 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கைத் துணிகூட வழக்கத்தைவிட வேகமாக எரியும். வெளியேற்றும் விசிறியும் வெளிக்காற்று வழியும் கட்டாயம். ஐ.சி.யூ.வுக்குப் போகும் ஆக்சிஜனை மட்டும் நிறுத்தும் பகுதி வால்வு அதற்கு வெளியே, செவிலியர் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். எந்தப் படுக்கைகள் அந்த வால்வில் உள்ளன என்று அதன்மேல் தமிழில் எழுதியிருக்க வேண்டும்.

விடுதிகளும் பயிற்சி மையங்களும் இதே வழியில்தான் வீடுகளுக்குள்ளும் வணிக வளாகங்களின் மேல்தளங்களுக்குள்ளும் வருகின்றன. 2019 மே 24 அன்று சூரத்தில் பயிற்சி மையத் தீயில் 22 மாணவர்கள் இறந்தார்கள். அங்கே இருப்பவர்களால் ஓட முடியும். ஆகவே அங்கே பார்க்க வேண்டியது இரண்டாவது வழி, திறக்கக்கூடிய ஜன்னல் கிரில், தூங்குகிறவர்களை எழுப்பும் புகை அலாரம். மருத்துவமனைப் படிவத்தையே அவற்றுக்கும் நிரப்பச் சொல்ல வேண்டாம்.

எங்கள் கோரிக்கை இவ்வளவு. பயன்பாடு மாறிய கட்டடத்துக்குக் கூட்டு ஆய்வுப் படிவம் ஒன்றை வையுங்கள். தளவாரியாக எத்தனை பேர் தாமாக நடக்க முடியாதவர்கள், இரவுப் பணியில் எத்தனை பேர், மறுபக்கத்தில் எத்தனை சதுர மீட்டர் காலி என்ற மூன்று எண்களும் அதில் முதலில் வரட்டும். ஆய்வில் ஒரு பகுதி இரவு பத்து மணிக்குமேல் நடக்கட்டும். குறை உள்ள தளத்தை மட்டும் மூடவும், சரிசெய்தபின் திறக்கவும் உத்தரவிடுங்கள். சான்றின் நகலில் தளவாரியாக அனுமதித்த படுக்கை எண்ணிக்கையை எழுதி, வரவேற்பறைச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டடத் தீப்பாதுகாப்புப் பணியில் உள்ள பொறியாளர்கள்