எவ்வளவு பெரிய தொலைநோக்கியும் இருட்டுக்கு ஈடாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டைக்குப் போகும் வீதியில் விடுதிகளும் கடைகளும் பெருகி வருகின்றன. கூடவே கடலையும் வானத்தையும் பார்த்து எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளும் பெருகுகின்றன. இரவில் நடமாடுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், அதை மறுக்கவில்லை. அந்த வெளிச்சம் வானத்தை வெளுக்காமல் தரையில் விழட்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

"வானம் வெளுத்தால் என்ன, இன்னும் பெரிய தொலைநோக்கி வாங்கினால் சரிதானே?" என்று கேட்கிறார்கள். விண்மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். கோடிக்கணக்கான விண்மீன்களின் திரள்களான பேரடைகளுக்குப் பொருந்தாது. தொலைநோக்கியில் ஒளியைச் சேர்க்கும் கண்ணாடியான ஆடி 16 அங்குலம் என்றால், அது 8 அங்குல ஆடியைவிட நான்கு மடங்கு ஒளியைச் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் பேரடை ஒளிப்புள்ளி அல்ல, பரந்து கிடக்கும் மங்கல் திட்டு. அதன் ஒளியோடு வானத்தின் வெளுப்பையும் அதே ஆடி அதே கணக்கில் அள்ளிக்கொள்கிறது. திட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஆடியாலும் கூட்ட முடியாது. அயர்லாந்தில் ரோஸ் பிரபு 1845இல் 72 அங்குல ஆடியால் எம் 51 என்ற பேரடையின் சுருள் வடிவத்தைக் கண்டு கையால் வரைந்தாரே, அந்தக் காலத்தில் இரவு இரவாகவே இருந்தது.

எங்கள் கரைக்கு வாய்த்த வானம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நாங்கள் இருப்பது வட அகலக்கோடு எட்டரைப் பாகையளவில். சித்திரை மாதத்து அமாவாசை இரவுகளில், பத்து மணியை ஒட்டி, கன்னிப் பேரடைக் கொத்து ஏறக்குறைய நேர் உச்சிக்கு வருகிறது. சிம்மத்தின் வாலிலுள்ள உத்தர நட்சத்திரத்துக்குக் கிழக்கே டொப்சோனியன் வகைத் தொலைநோக்கியை மெல்ல நகர்த்தினால், ஒரு பேரடை மறையுமுன் இன்னொன்று வரும். அக்கொத்திலுள்ள எம் 87இலிருந்து வரும் ஒளி புறப்பட்டு ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதே இரவில் வடக்கே எம் 81, எம் 82 என்ற இரு பேரடைகளையும், தெற்கே குறுக்கே கரும்பட்டை ஓடும் என்.ஜி.சி. 5128 என்ற பேரடையையும் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னது இங்கிலாந்தில் அடிவானத்துக்கு மேலே எழுவதேயில்லை.

இவற்றைப் பார்க்கக் கண்ணும் பழக வேண்டும். இருட்டில் அரைமணி நேரம் இருந்த பிறகு, நேரே பார்க்காமல் சற்றுப் பக்கமாகப் பார்க்கும்போதுதான் திட்டின் ஓரம் விரியும். மங்கல் ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை என்பதே காரணம். அந்த நேரத்தில் ஒரு வெள்ளை விளக்கு முகத்தில் அடித்தால் போதும், பழகிய கண் கெட்டுவிடும். மறுபடி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆர்வத்தோடு வந்த பிள்ளைகள் அதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கேட்பது அதிகமில்லை. பழுதான வீதி விளக்குகளை மாற்றும்போது மேல்பக்கம் மூடிய விளக்குகளைப் போடலாம். நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் கூடுதலாகச் சிதறுவதால், நிற வெப்பநிலை 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளியைத் தெரிவு செய்யலாம். விடுதிகள் கடற்கரைப் பக்க விளக்குகளை நள்ளிரவில் அணைக்கலாம். பொரித்து வரும் ஆமைக்குஞ்சுகளும் வெளிச்சத்தால் திசைமாறாமல் கடலுக்குப் போகும். உள்ளூராட்சி சபைகளும் விடுதி உரிமையாளர்களும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்கி உல்லாசப் பயணிகள் வருமுன் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வானம் பார்க்கும் வாசகன்,
நிலாவெளி, திருகோணமலை