நூறு டிகிரி வேலூரில் செய்தியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘வேலூரில் வெயில் சதமடித்தது’ என்ற செய்தியைப் படித்தேன். நடுவில் ஒரு வரி: “இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் (37.4 டிகிரி ஃபாரன்ஹீட்) கூடுதலாகப் பதிவானது.” அடைப்புக்குறிக்குள் இருப்பதை இன்னொரு முறை படித்துவிட்டுக் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரின் நூறோடு 37.4-ஐக் கூட்டினால் 137 ஆகிறது. அப்படி ஒரு வெயில் அடித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், அச்சிட நீங்களும் இருந்திருக்க மாட்டீர்கள்.

வெப்பநிலை 3 செல்சியஸ் என்றால் அது 37.4 ஃபாரன்ஹீட், சரிதான். ஆனால் இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே 3 செல்சியஸ் வித்தியாசம் என்றால் அது வெறும் 5.4 ஃபாரன்ஹீட். வித்தியாசத்தை 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32-ஐக் கூட்டக் கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டியவன் என்பதால் கை சும்மா இருக்கவில்லை.

கணக்குப் பிழையை விடுங்கள், அது யாருக்கும் வரும். என்னுடைய குறை அந்த ‘சதம்’ மீதுதான். கோடை பிறந்தால் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, ஈரோடு என்று கிரிக்கெட் ஸ்கோர் போல ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. நூறு ஃபாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் முழு எண்ணாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பு கிடையாது. மே மாதத்தில் வேலூரின் இயல்பே ஏறக்குறைய அதுதான். கத்திரி வெயிலில் வேலூர் நூறைத் தொட்டது என்பது, ஆடியில் காற்றடித்தது என்பதைப் போன்ற செய்தி.

இதே பட்டியலில் ஊட்டி ஒருநாளும் வராது. 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே 29 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஃபாரன்ஹீட்டில் 84 சொச்சம். வேலூர்க்காரனுக்கு அது மார்கழிப் பகல். ஆனால் ஊட்டியின் ஏப்ரல் இயல்பைவிட அது ஐந்து டிகிரி செல்சியஸுக்கு மேல் அதிகம். சதக் கணக்கில் பார்த்தால் அன்று ஊட்டியில் ஒன்றுமே நடக்கவில்லை.

இயல்பு என்ற சொல்லையும் நாம் பாடாய்ப் படுத்துகிறோம். டீக்கடையில் அது ‘போன வருடம் இருந்த மாதிரி’ என்று பொருள்படுகிறது. வானிலைத் துறையினருக்கு அது முப்பது ஆண்டுச் சராசரி: அந்த இடத்துக்கு, ஆண்டின் அந்தக் காலத்துக்கு. சராசரி என்பதால் ஒரு டிகிரி மேலே, ஒரு டிகிரி கீழே என்று நாள்தோறும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆட்டமும் இயல்பில் சேர்த்திதான். வெப்ப அலை என்று அறிவிப்பதற்கும் இந்த இயல்புதான் அளவுகோல். சமவெளியில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மட்டும் போதாது, இயல்பிலிருந்து 4.5 டிகிரியாவது ஏறியிருக்க வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு அந்த 40 என்பது 37, மலைக்கு 30. வேலூரில் 41 அடித்தும் ஏன் வெப்ப அலை என்று சொல்லவில்லை என்று போன கோடையில் என் தம்பி சண்டைக்கு வந்தான். விடை இதுதான்.

இப்போது பரவலாகக் கையாளப்படும் முப்பது ஆண்டுகள் 1991 முதல் 2020 வரை. இதற்கு முன் 1961–1990 சராசரி வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. உலகம் சூடாகச் சூடாக அளவுகோலும் கூடவே நகர்கிறது. இன்று ‘இயல்பு’ என்று அச்சாகும் ஒரு பகல், என் தகப்பனார் கணக்கில் ‘சற்று அதிகம்’ என்றிருக்கும். இதையும் எப்போதாவது ஒரு வரி சொல்லலாம்.

என் வீட்டு வராந்தாத் தூணில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. பிற்பகல் இரண்டரைக்குப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவேன். வானிலை நிலையத்து எண்ணைவிட மூன்று, நான்கு டிகிரி எப்போதும் கூடவே காட்டும். வெகுநாள் அவர்கள்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! அவர்களுடைய கருவி திறந்தவெளியில், இடைவெளிவிட்டுப் பலகைச் சட்டங்கள் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், காற்றோட்டமாக நிழலில் இருக்கிறது. என்னுடையதோ சிமென்ட் தரையின் அனலையும் சேர்த்தே அளக்கிறது. வேலூர் முழுக்கவே ஒரு சிமென்ட் வராந்தாதான். ‘நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில், மரமில்லா மலை’ என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். 1981-இல் கோட்டைக் கோயிலுக்குச் சாமி திரும்பிவிட்டார். மலைக்கு மரம் வரவில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறை இரவு பத்து மணிக்கும் அனல் விடுகிறது. தூக்கம் கெடுவது அந்தக் குறைந்தபட்ச வெப்பநிலையால்தான்; அதைத் தாங்கள் அச்சிடுவதே இல்லை.

சதப் பட்டியல் பிடித்திருக்கும் அதே இடம் போதும். ஊர், அதிகபட்சம், குறைந்தபட்சம், ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சிறிய எழுத்தில் போடுங்கள். வானிலை மையம் இவற்றை அன்றாடம் வெளியிடத்தான் செய்கிறது. ஊட்டிக்கும் அதில் ஒரு வரி வேண்டும்.

37.4-க்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமைச் செய்தியை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.