பவுடர் தூவுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்

எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மண்டபம் முதல் வாலிநோக்கம் வரை நீளும் மணற்கரையில் உள்ள நம் ஊரில், காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாள்களில் வீட்டு உறைக்கிணற்றை நம்பித்தான் உலை வைக்கிறோம். எங்கள் கிணற்றில் மாசி மாதம் தொடங்கிய அழுகிய முட்டை வாடை இன்னும் நிற்கவில்லை. விடியற்காலையில் இறைக்கும் முதல் வாளியில்தான் அது கடுமையாக இருக்கிறது; அண்டாவில் ஊற்றித் திறந்து வைத்தால் இரண்டு மணி நேரத்தில் பாதி போய்விடுகிறது. கிணற்றடியில் குளிக்கும் என் மகளின் வெள்ளிக் கொலுசு ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது.

மூன்று முறை முறையிட்டோம். மூன்று முறையும் பணியாளர் வந்து, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று அளக்காமல், ஒரு கை பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுச் சென்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்தனுப்பியது அந்த ஒரு வாளிதான். ஆனால் நான்காம் நாள் வாடை திரும்பிவிடுகிறது.

கொலுசைக் கறுக்கச் செய்வது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கடல்நீரில் சல்பேட்டு மிகுதி. நம் மணலுக்கடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்க, நாம் மோட்டார் வைத்து (எங்கள் வீட்டிலும்தான்) இறைக்க இறைக்க உப்புநீர் மேலேறி வருகிறது. கிணற்றடியில் காற்றில்லாமல் மக்கிக் கிடக்கும் ஓலையையும் சேற்றையும் உண்ணும் நுண்ணுயிர்கள், அந்தச் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிவிடுகின்றன. குடிநீரில் இது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500. பவுடரிலுள்ள குளோரின் முதலில் இந்தச் சல்பைடோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடுவதால், கிருமியைக் கொல்ல மிச்சம் இருப்பதில்லை. கிருமி இருந்தால், வாடை குறைந்த அந்த மூன்று நாளும் அதையேதான் குடித்திருப்போம்.

வாடைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். எங்கள் தெருவில் சில கழிப்பறைக் குழிகள் கிணற்றிலிருந்து 50 அடி தூரத்தில்கூட இல்லை. காரணம் இதுவா அதுவா என்பதை மூக்கு சொல்லாது. தண்ணீர் கறுத்தால் மலக்கிருமி உண்டு என்று காட்டும் சிறு குப்பிச் சோதனையும் இங்கே ஏமாற்றும். சல்பைடு ஏற்கெனவே கலந்திருக்கும் நீர், கிருமி இல்லாமலே அதில் கறுத்துவிடும்.

ஆகவே, தெருவுக்கு இரண்டு கிணறுகளிலாவது நீர் எடுத்து, குளோரைடு (உப்பின் அளவைக் காட்டுவது), சல்பேட்டு, சல்பைடு, ஈ. கோலி (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஆகிய நான்கையும் ஆய்வகத்தில் பார்த்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஈ. கோலி தெரிந்தால், பவுடரை விட்டுவிட்டுக் குழிகளைப் பற்றிப் பேசுவோம். உப்புதான் காரணமென்றால், மோட்டார் ஓடும் நேரத்தைத் தெருவே கூடிக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு நாங்கள் தயார்.

எதுவானாலும் தூர் வாராமல் தீராது. இதில் மட்டும் அவசரம் வேண்டாம். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையவில்லை என்றதும் ஆளை இறக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விளக்கு காட்டுவது மூச்சுக்காற்று இருக்கிறதா என்பதை மட்டுமே. மிகுந்தால் ஆளையே கொல்லும் இந்த வாயுவை அது காட்டாது. அடிச்சேற்றைக் கிளறும்போதுதான் வாயு மொத்தமாக வெளிப்படும். அளவு மிகும்போது மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாமல் போகும். முதலில் மோட்டாரால் நீரை வெளியேற்றி, காற்றூதியால் நல்ல காற்றை உள்ளே செலுத்தி, வாயுமானி வைத்துப் பார்த்த பிறகும் ஆள் இறங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். சேற்றுப் பம்பு கிடைத்தால் ஆளே இறங்க வேண்டாம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கக் கோருகிறேன். அன்று விடியற்காலையில் இறைத்த தண்ணீரை மூடியிட்ட பாட்டிலில் கொண்டுவருகிறேன். மூடியைத் தலைவர் அவர்களே திறக்கலாம்.

இப்படிக்கு,
கிணற்று நீர் குடிக்கும் ஒரு குடும்பத்தலைவி